காந்தமும் கூடவே சுழன்றால்?

குதிரைலாடக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வட்டமான செப்புத் தகடு ஒன்று சுழல்கிறது. அச்சில் ஒரு கம்பி. விளிம்பில் உரசியபடி இன்னொரு கம்பி. 1831 அக்டோபர் 28 அன்று மைக்கேல் ஃபாரடே இதைச் செய்து பார்த்தபோது கால்வனோமீட்டரின் முள் ஒரு பக்கம் விலகி, தகடு சுழன்றுகொண்டிருந்தவரை அங்கேயே நின்றது. கம்பிச் சுருளும் கம்யூட்டேட்டரும் இல்லாமலே நேர்மின்னோட்டம் கிடைத்தது. இந்த வகை இயந்திரத்துக்கு ஹோமோபோலார் ஜெனரேட்டர் என்று பெயர். வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஜெனரேட்டர்களில் இதைவிட எளிமையானதும் இதைவிட விந்தையானதும் அரிது.

குதிரைலாடத்துக்குப் பதில் தகட்டின் அச்சிலேயே ஒரு வட்டக் காந்தத்தை வைத்தால் விந்தை தெரியும். காந்தம் நிற்க, தகடு மட்டும் சுழன்றால் மின்சாரம் வருகிறது. தகடு நிற்க, வட்டக் காந்தம் தன் அச்சிலேயே சுழன்றால் வருவதில்லை. இரண்டையும் ஒட்டி ஒன்றாகச் சுழற்றினால் மறுபடி வருகிறது! காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே எந்த நகர்வும் இல்லாதபோது மின்சாரம் எங்கிருந்து வந்தது? ஃபாரடேயே அந்த ஆண்டின் இறுதியில் இதைக் கண்டார். 'ஃபாரடே புதிர்' என்று இன்றும் இது பேசப்படுகிறது.

விடை கடினமில்லை. வட்டச் சமச்சீர் உள்ள காந்தம் தன் அச்சில் எவ்வளவு சுழன்றாலும் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலம் எந்த இடத்திலும் மாறுவதில்லை. ஆகவே காந்தம் சுழல்கிறதா, நிற்கிறதா என்பது பொருட்டல்ல. தகட்டிலுள்ள எலக்ட்ரான்கள் தகட்டோடு சேர்ந்து அந்தப் புலத்தினூடே நகர்கின்றன. லோரன்ட்ஸ் விசை அவற்றை ஆரத்தின் வழியே தள்ளுகிறது. சுற்றின் மறுபாதியான மீட்டரும் கம்பியும் அசையாமல் நிற்பதால் அந்தத் தள்ளல் மின்னோட்டமாகிறது. மீட்டரையும் தகட்டோடு சேர்த்துச் சுழலவிட்டால் அது பூஜ்யத்தைத்தான் காட்டும்.

செய்து பார்க்கப் பழைய ஸ்பீக்கரின் வளையக் காந்தமும், 10 செ.மீ. விட்டமுள்ள செப்புத் தகடும், கையடக்க மின் ட்ரில்லும், மல்டிமீட்டரும் போதும். அச்சிலும் விளிம்பிலும் உரசும் பிரஷ்களை மெல்லிய செப்புக் கம்பிகளை முறுக்கிச் செய்துகொள்ளலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், காந்தம் நொறுங்கக்கூடியது, வேகமாகச் சுழலும்போது சில்லு தெறிக்கும். மின்னழுத்தத்துக்குக் கணக்கு உண்டு: காந்தப்புலம், கோண வேகம், ஆரத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். சராசரிப் புலம் 0.1 டெஸ்லா, வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் கிடைப்பது சுமார் 40 மில்லிவோல்ட். எல்.இ.டி. எரியாது. ஆனால் சுற்றின் மொத்த மின்தடை 10 மில்லியோம் என்றால் 4 ஆம்பியர் ஓடும். குறைந்த வோல்ட், மிகுந்த ஆம்பியர்: இதுவே இந்த இயந்திரத்தின் இயல்பு.

அந்த இயல்பைப் பேரளவில் பயன்படுத்திக் காட்டியவர் இயற்பியலாளர் மார்க் ஒலிஃபண்ட். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் அவர் அமைத்த ஹோமோபோலார் ஜெனரேட்டர் 1960களில் இயங்கத் தொடங்கியது. பிரம்மாண்டமான எஃகுத் தட்டுகளைச் சுழலவிட்டு 500 மெகாஜூல் ஆற்றலைச் சேமித்து, பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல் ஒரே வீச்சில் தந்தது. 1970களில் அதன் மின்சாரத்தைக் கொண்டு 3 கிராம் எடையுள்ள எறிபொருளை நொடிக்கு 5.9 கி.மீ. வேகத்தில் செலுத்தினார்கள். மின்சாரம் வெளியேற வெளியேறத் தட்டுகளின் வேகம் குறைந்தது. கொடுத்த ஆற்றல்தான் திரும்ப வந்தது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. காந்தமும் தட்டும் ஒன்றாகச் சுழலும் அமைப்பில் சுழற்சியைத் தடுக்கும் எதிர்விசை எழாது, எனவே உள்ளே செல்வதைவிட அதிக ஆற்றல் வெளியே வரும் என்று அமெரிக்காவின் புரூஸ் டிபால்மா தன் 'என்-மெஷின்' பற்றிச் சொன்னார். கைகா அணுமின் திட்டத்தில் பணியாற்றிய பரமஹம்ச திவாரியும் இதே வழியில் இயந்திரங்கள் செய்தார். அந்த உரிமைகோரல்கள் சுயேச்சையான சோதனைகளில் நிலைநாட்டப்படவில்லை. மின்னோட்டம் ஓடினால் எதிர்விசை உண்டு. அசையாமல் நிற்கும் வெளிச்சுற்று அதன் மறுபக்கத்தைத் தாங்குகிறது.

நல்ல சோதனையாளரே ஏமாறும் இடமும் இங்கேதான். 40 மில்லிவோல்டில் 4 ஆம்பியர் என்பது 0.16 வாட். ட்ரில்லோ சும்மா சுழலவே பல பத்து வாட் இழுக்கும். பிரஷ் உராய்வு சற்றே மாறினாலும் அதில் இந்த 0.16 வாட் காணாமல் போகும். ட்ரில் இழுக்கும் வாட்டைக் காட்டும் மீட்டர் ஏறவில்லை என்பதால் மின்சாரம் இலவசமாக வந்தது என்று பொருளில்லை. அந்த மீட்டருக்கு அதைப் பார்க்கும் நுட்பம் இல்லை என்றே பொருள்.

ஆகவே சுழலும் திசையை மாற்றிப் பாருங்கள், காந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மின்னழுத்தத்தின் குறி மாற வேண்டும். மாறாமல் எஞ்சுவது பிரஷ் சூட்டினால் வந்த போலி அளவு, அதைக் கழித்துவிடுங்கள். வேகத்தை இரட்டிப்பாக்கினால் மின்னழுத்தமும் இரட்டிப்பாகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்கூட ஒரு மாலைப்பொழுதில் இதையெல்லாம் செய்துவிடலாம். மின்காந்தவியலின் அடிப்படை விதி ஒன்றைத் தன் கையாலேயே அளந்து உறுதிசெய்த அறிவு அவருக்குச் சொந்தமாகும். இலவச மின்சாரக் கனவைவிட அது பெரிது.