அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம்

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 35,000 கலைப்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்றால்கூட, உணவும் உறக்கமும் இன்றிப் பன்னிரண்டு நாள்கள் நடக்க வேண்டியிருக்கும். அங்கே வருபவர்களுக்குக் கிடைப்பதோ அரைநாள். அந்த அரைநாளில் பெரும்பாலோர் ஒரே ஓவியத்தை நோக்கி விரைகின்றனர். 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ‘மோனாலிசா’ ஓவியமே அது. குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓவியத்தை, முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த கைப்பேசிகளின் இடைவெளியில்தான் பலரும் காண்கின்றனர். அதே அறையின் எதிர்ச்சுவரில் ஏறக்குறைய பத்து மீட்டர் அகலத்தில் வெரோனீஸ் என்பவர் தீட்டிய மாபெரும் ஓவியம் ஒன்று தொங்குகிறது. அதைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே.

2018ஆம் ஆண்டில் லூவருக்கு 10 மில்லியனுக்கும் மேற்பட்டோர் வந்தனர். மறு ஆண்டு மே மாதத்தில், நெரிசலைத் தாங்க முடியாத ஊழியர்கள் வேலையை நிறுத்தியதால் கதவுகள் மூடப்பட்டன. பின்னர், நாளொன்றுக்கு 30,000 பேர் என வரம்பு விதிக்கப்பட்டது. இன்ன நாளில் இன்ன நேரத்துக்கு வருகிறோம் என்று முன்பதிவு செய்துகொண்டு போவதே இப்போது அங்கு வழக்கமாகிவிட்டது.

பாரிஸ் தொலைவில் இருக்கிறது. ஆனால், ஜொகூர் பாருவிலுள்ள ஒரு பள்ளி இதே கணக்கைத் தன் அளவில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர் ஆற்றின் முகப்பில், ஆசிய நாகரிக அருங்காட்சியகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அரசாங்கக் கட்டடத்தில் 2003ஆம் ஆண்டு முதல் அது இயங்கி வருகிறது. லூவரின் கூட்டம் அங்கே இல்லை. எனினும், நாற்பது மாணவர்கள் ஒரு கண்ணாடிப் பேழையைச் சூழ்ந்துகொண்டால் அவர்களே ஒரு நெரிசல்தான். முன்வரிசையில் நிற்கும் எட்டுப் பேர் பொருளைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்த எட்டுப் பேரின் முதுகைப் பார்ப்பார்கள்.

எனவே, பேருந்துக்குச் சொல்லி வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. எதைப் பார்க்கப் போகிறோம்? மூன்று தளங்களையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பும் குழு, நடந்து களைத்துத் திரும்புமே தவிர, வீட்டில் போய்ச் சொல்வதற்கு அதனிடம் எதுவும் இராது. வழிகாட்டியுடன் செல்லும் சுற்று பொதுவாக ஒரு மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் ஏழு அல்லது எட்டுப் பொருள்களைத்தான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

முதல் தளத்தில் உள்ள ஒரு கப்பலின் சரக்கு மட்டுமே அந்த ஒரு மணி நேரத்துக்குப் போதுமானது. 1998ஆம் ஆண்டு, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகில் கடல் அட்டை தேடி மூழ்கியவர்கள், கடலடியில் பானைகள் குவிந்து கிடப்பதைக் கண்டனர். அது ஒன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய மரக்கலம் என்பது பின்னர்த் தெரியவந்தது. ஏறத்தாழ 60,000 மட்பாண்டங்கள் அதிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா பகுதிச் சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஐக் குறிக்கும் சீன ஆண்டுக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. அதைக் கொண்டே கப்பலின் காலத்தை ஆய்வாளர்கள் கணித்தனர். இசைக்கலைஞர்களின் உருவங்கள் பொறிக்கப்பட்ட எண்கோணப் பொற்கிண்ணம் ஒன்றும் அதே சரக்கில் கிடைத்தது.

பலரும் பொற்கிண்ணத்தின் முன்தான் கூடுகிறார்கள். அதைவிட வியப்பூட்டுவது ஒரு பெரிய சாடி. உடையக்கூடிய கிண்ணங்களைக் கடல் கடந்து எப்படிக் கொண்டு செல்வது? சாடிக்குள் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள்போல் அடுக்கினார்கள். ஒரே சாடியில் 130 கிண்ணங்கள் வரை அடங்கின. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் அவற்றுள் பல உடையாமல் வெளியே வந்தன என்றால், அடுக்கியவரின் கைத்திறமைதான் காரணம்.

அந்தக் கப்பலும் கவனிக்கத்தக்கதே. அதில் ஆணிகளே இல்லை; பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்திருந்தார்கள். சோழமண்டலக் கடற்கரையில், சென்னையிலும் பிற ஊர்களிலும், தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் செல்லப் பயன்பட்டன. அதே தொழில்நுட்பம் பெரிய அளவில், அரபு வணிகர்களின் கப்பலில். 2010ஆம் ஆண்டு, ஓமான் நாடு இதேபோன்று தைத்த கப்பல் ஒன்றைக் கட்டி, மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வரை பாய்மரத்திலேயே செலுத்தி, அதை அன்பளிப்பாக வழங்கியது. ஆணி இல்லாத கப்பல் இந்தியப் பெருங்கடலைக் கடக்குமா என்ற ஐயத்துக்கு அந்தப் பயணமே விடை.

இவற்றை முன்கூட்டியே வகுப்பில் படித்துவிட்டால் வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். பொருளின் பெயரும் காலமும் பேழைக்கு அருகிலுள்ள குறிப்பில் இருக்கும். அந்தக் குறிப்பில் இடம்பெறாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே வழிகாட்டி. சான்றாக, இந்தச் சரக்கை வெளியே எடுத்தது தொல்லியல் துறை அன்று. வணிக நோக்குடைய தனியார் நிறுவனம். அவ்வாறு எடுத்த பொருள்களைக் காட்சிக்கு வைப்பது முறையா என்று தொல்லியல் அறிஞர்கள் பலர் கேட்டனர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், இவற்றைக் கொண்டு நடத்தவிருந்த கண்காட்சியை அந்த எதிர்ப்பினால் 2011ஆம் ஆண்டில் கைவிட்டது. சிங்கப்பூரோ 2005ஆம் ஆண்டிலேயே பெரும்பகுதிச் சரக்கை வாங்கிவிட்டது. வாங்காமல் இருந்திருந்தால் அது துண்டு துண்டாக ஏலத்தில் சிதறிப்போயிருக்கும் என்பது மறுதரப்பு வாதம். எது சரி என்று வழிகாட்டியிடம் ஒரு மாணவர் கேட்டால், அந்தச் சுற்று வேறு திசையில் போகும்.

தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சமயங்களைப் பற்றிய காட்சிக்கூடம் இரண்டாம் தளத்தில் உள்ளது. 2007ஆம் ஆண்டு, இந்த அருங்காட்சியகம் சோழர் காலத்து உமா பரமேசுவரி செப்புத் திருமேனியை நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில், ஸ்ரீபுரந்தான் என்னும் ஊரின் சிவன் கோவிலிலிருந்து திருடப்பட்ட சிலை என்பது பிறகு வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் அதை இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்க முடிவு செய்தது. ஆகவே, அங்குள்ள ஒவ்வொரு சிலையின் முன்னும் “இது இங்கே எப்படி வந்தது?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி, முன்பதிவு. ஓரிருவராக வருவோர், அன்றாடம் நடக்கும் பொதுச் சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘அருங்காட்சியக நண்பர்கள்’ என்னும் தொண்டர் அமைப்பினர், முறையான பயிற்சி பெற்று, சிங்கப்பூர் அருங்காட்சியகங்களில் இந்தப் பணியைச் செய்கின்றனர். பள்ளிக் குழு அப்படித் திடீரென்று போய் நிற்க இயலாது. பல வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ‘நாங்கள் வருகிறோம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை மாணவர், எந்தப் படிவம், எந்த மொழியில் விளக்கம் வேண்டும், எந்தக் காட்சிக்கூடம், சக்கர நாற்காலியில் வருபவர் எவரேனும் உண்டா என்பன எல்லாம் முதல் கடிதத்திலேயே இருந்தால், பதிலும் தெளிவாக வரும். நாற்பது பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, அரை மணி நேர இடைவெளியில் அனுப்பும்படி கேட்பது நல்லது. காத்திருக்கும் குழு அதற்குள் ஆற்றங்கரையில் சிற்றுண்டியை முடித்துவிடலாம். விளக்கம் ஆங்கிலத்தில் அமையுமானால், தைத்த மரக்கலம், சூளை, மெருகுப்பூச்சு போன்ற சொற்களுக்கு இணையானவற்றை முன்னதாகவே இருமொழியிலும் எழுதிப் பழகிக்கொள்ளலாம்.

உண்மையான தலைவலி நாளைக் குறிப்பதில்தான் தொடங்குகிறது. 1924ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளமே கொண்டது. நடந்தால் கால் மணி நேரம். ஆயினும், உலகின் மிக நெரிசலான தரைவழி எல்லைகளுள் அதுவும் ஒன்று. வேலை நாள்களில் விடியற்காலையிலேயே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிங்கப்பூருக்குச் செல்கின்றனர். மாலையில் அதே கூட்டம் திரும்புகிறது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் விடுமுறையாகிவிட்டதால், இருபுறத்து மக்களும் ஒரே நாளில்தான் உலாப் புறப்படுகின்றனர். வார இறுதியில் பாலமும் நெரிசல், அருங்காட்சியகமும் நெரிசல். வார நாளில் சென்றால் அங்கே உள்ளூர்ப் பள்ளிக் குழுக்கள் காலையில் வந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால், பள்ளி விடுமுறையின் நடுவில் வரும் ஒரு வார நாளே மேல். உள்ளூர்க் குழுக்களோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பாலத்தில் இழந்த நேரத்தை எங்கும் திரும்பப் பெற முடியாது.

நாள் முடிவானதும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சுற்று 11.00 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். பைகளை ஒப்படைத்து, கழிவறைக்குச் சென்று, குழுக்களாக நிற்பதற்கு 10.30க்கே வாயிலில் இருக்க வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலிருந்து அங்கே சுமார் 25 கிலோமீட்டர். நகரப் போக்குவரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பேருந்தில் செல்வோர் இரு நாட்டுச் சாவடிகளிலும் உடைமைகளோடு இறங்கி, வரிசையில் நின்று, மீண்டும் ஏற வேண்டும். நாற்பது பேர் இறங்கி ஏறுவது என்பது நாற்பது கடப்பிதழ்கள். ஒருவர் பின்தங்கினாலும் முப்பத்தொன்பது பேர் காத்திருப்பார்கள். இதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால், ஜொகூர் பாருவிலிருந்து காலை 7.00 மணிக்குப் பேருந்து நகர்ந்திருக்க வேண்டும். இது மிகையென்று தோன்றலாம். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஆற்றோரம் உட்காரலாம்; தாமதமாகப் போனால் வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருக்கும். ஒரு மணி நேரச் சுற்று அப்போது இருபது நிமிடமாகச் சுருங்கும், அல்லது இல்லாமலேயே போகும்.

ஆவணங்களிலும் காலக்கெடு உண்டு. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாள் உட்பட மூன்று நாள்களுக்குள் இயங்கலையில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசாங்கத் தளம் அன்று. பள்ளிச் சுற்றுலா என்பதால் கல்வித் துறையின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் தேவைப்படும். கடப்பிதழே இல்லாத மாணவர் ஒருவராவது ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். அவருடைய பெயர் கடைசி வாரத்தில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிந்தால் அவரும் வருவார். ஆகவே, பேருந்தைத் தேடுவதற்கு முன்பே கடப்பிதழ்களைச் சரிபார்ப்பதுதான் நியாயம்.

செலவைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் நுழைவு இலவசம். மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் விற்கும் நிலையில், மாணவர் சலுகை உண்டா என்று கேட்டு எழுத்தில் பதில் பெற்றுவிட்டுப் பணம் திரட்டுவது நல்லது. மதிய உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஏதுமில்லை.

சுற்று முடிந்தவுடன் பேருந்தை அழைத்துவிடும் பழக்கம் பல குழுக்களுக்கு உண்டு. அங்கே இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கலாம். வழிகாட்டி விடைபெற்ற பின், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளிடம் தனியாகத் திரும்பிச் செல்லட்டும். கையில் பென்சிலும் ஒரு தாளும் இருந்தால் போதும். இந்த முறை முன்வரிசை, பின்வரிசை இல்லை. சிலர் பொற்கிண்ணத்தை வரைவார்கள். ஒருவர் அந்தச் சாடியின் முன் உட்கார்ந்து, கிண்ணங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியிருப்பார்.