நிரல் எழுதுவோரின் மனக்குறையும் பணி மாற்றமும்



கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர்கள் பெருந்தொகையாக நாடிச் செல்லும் தொழில்களுள் மென்பொருள் எழுதுவதும் ஒன்று. அத்தொழிலில் நுழைவது எவ்வாறு என்று உங்களுக்குச் சொல்லுவோர் பலர் உளர். நுழைந்த பின்னர் மனம் கசந்தால் என் செய்வது, இருக்கும் இடத்தை விட்டுப் பெயர்வது எப்பொழுது தக்கது, எப்பொழுது தகாதது என்று சொல்லுவோர் சிலரே. நான் நிரல் எழுதுபவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆயினும் என்னிடம் படித்தவர் பலர் இத்தொழிலில் இருக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும்போது என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் கூறும் குறைகளைக் கேட்டும், அவை பற்றி எழுந்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இப்பொழுது உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் இக்குறைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று பார்ப்போம். நிரல் எழுதுதல் என்றவுடன், வெள்ளைத் தாளில் புதுக்கவிதை எழுதுவது போன்றதொரு காட்சியே இளைஞர் மனத்தில் தோன்றுகிறது. உண்மை அஃதன்று. பெரும்பாலான நாட்களில் அவர்கள் செய்வது பிறர் எழுதி வைத்துவிட்டுப் போன நிரலைப் படித்துப் பொருள் கண்டு, ஓரிடத்தில் தொட்டால் மற்றோரிடத்தில் பழுதுபடாதபடி திருத்துவதேயாகும். ஆண்டின் நடுவில் வேறோர் ஆசிரியரின் வகுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இச்சங்கடம் விளங்கும். அவர் எதை நடத்தினார், எதை விட்டார் என்பது பாடக்குறிப்பில் இராது. மாணவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்லுவர். இக்காலத்தில் நிரலைத் தானே எழுதித் தரும் இயந்திர அறிவும் வந்துவிட்டது. அது எழுதியதையும் ஒருவர் படித்துச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், பிறர் எழுத்தைப் படிக்கும் சுமை குறைந்தபாடில்லை.

அவசரத்தில் ஒட்டுப் போட்ட நிரலுக்கு வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலர் 1992ஆம் ஆண்டில் ஒரு பெயர் சூட்டினார். 'தொழில்நுட்பக் கடன்' என்பது அது. இன்று வேலை முடிந்துவிடுகிறது. நாளை முதல் ஒவ்வொரு திருத்தத்திலும் வட்டி கட்ட வேண்டும். இதில் வேதனை என்னவெனில், கடன் வாங்கியவர் ஒருவராகவும் வட்டி கட்டுபவர் வேறொருவராகவும் இருப்பதுதான். புதிதாக வேலையில் சேரும் இளைஞனுடைய எரிச்சலில் ஒரு பெரும் பங்கு இவ்வட்டியே.

அடுத்தது காலக்கெடு. இதைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர் பிரெடெரிக் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டில் அறிவித்த சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறி வரிசைக்கும், பின்னர் அதன் இயக்க மென்பொருளுக்கும் பொறுப்பேற்றவர் அவர். அம்மென்பொருள் வேலை மிகவும் காலந்தாழ்ந்தது. பட்ட அனுபவத்தை அவர் 1975ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். காலந்தாழ்ந்து விட்ட மென்பொருள் வேலையில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற கருத்து. இதைக் கணக்காசிரியன் என்ற முறையில் உங்களுக்கு எளிதில் காட்டிவிடலாம். ஐந்து பேர் சேர்ந்து வேலை செய்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. பத்துப் பேரானால் அவ்வழிகள் 20 ஆவதில்லை, 45 ஆகின்றன. ஆள் இருமடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. போதாக்குறைக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பழையவர்கள் தம் வேலையை நிறுத்த வேண்டும்.

அவர் சொன்ன மற்றொரு கணக்கும் உண்டு. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுதலுக்கும், ஆறில் ஒரு பங்கு மட்டுமே நிரல் எழுதுதலுக்கும், எஞ்சிய பாதி முழுதும் சோதித்துச் சரிசெய்வதற்கும் வேண்டும் என்றார். நடைமுறையில் மேலதிகாரிகள் பலர் அந்த ஆறில் ஒரு பங்கையே முழு வேலை என்று எண்ணித் தேதி குறித்துவிடுகின்றனர். பிறகு நிரலர் இரவு விழிக்கிறார். இதனை நீங்கள் அறிந்திருந்தால், குறித்த தேதியில் வேலை முடியாதபோது அதைத் தம் அறிவுக் குறைவென்று எண்ணி உள்ளுக்குள் நைந்து போகமாட்டீர்கள். என் மாணவர் சிலர் அவ்வாறு நைந்ததைக் கண்டிருக்கிறேன். அவர்கள் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவர்கள் என்பதால் அத்துயரம் அவர்களுக்கு இருமடங்கு.

இவ்விரு குறைகளும், அஃதாவது பிறர் நிரலும் பொருந்தாக் கெடுவும், எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஓரளவு உடன் வரும். 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று சும்மாவா சொன்னார்கள்! ஆகவே, பெயர்வதற்கு முன் தன் குறை தொழிலைச் சார்ந்ததா, இடத்தைச் சார்ந்ததா என்று ஒருவன் பிரித்தறிய வேண்டும். பிரித்தறிவது எப்படி?

என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் ஒரு நிறுவனத்தில் பணப்பரிமாற்ற மென்பொருளைக் கண்காணிக்கும் குழுவில் இருந்தான். நள்ளிரவில் பழுதென்று தொலைபேசி ஒலிக்கும், எழுந்து சரிசெய்வான், மறுநாள் காலையில் மற்றவரோடு அமர்ந்து வழக்கமான வேலையும் செய்வான். வீட்டுக்கடன் தவணை ஒருபுறம், மருந்து உண்ணும் தாய் ஒருபுறம். "ஐயா, நாளைக்கே ராஜினாமா எழுதிவிடப் போகிறேன்" என்று ஒரு பொங்கல் விடுமுறையில் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தால் மாதக்கணக்கில் உறங்காதவன் போல் இருந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு வழக்கம் கற்பித்தார்கள்: பாடம் சரிவர நடவாத நாளில், நடந்ததை அன்றே ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். அதையே அவனுக்கும் சொன்னேன். நான்கு வாரம் எழுதினான். சம்பளம், உணவுக்கூடம், மேலதிகாரியின் கடுஞ்சொல் என்று அவன் வாயால் சொன்ன குறைகளெல்லாம் நோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தன. பாதிக்கு மேற்பட்ட வரிகள் ஒரே பழுதைப் பற்றியவை. அதை அடியோடு சரிசெய்ய இரண்டு வாரம் போதும். அந்த இரண்டு வாரத்தைத் தருவார் இல்லை.

அவன் அந்தக் கணக்கை மேலதிகாரியிடம் காட்டி இரண்டு வார அவகாசம் கேட்டான். கிடைக்கவில்லை. அதன் பின்னரே வேறு இடம் தேடினான். நேர்காணலில், "மாதத்தில் எத்தனை இரவு எழுப்புவீர்கள்? பழுதின் மூலத்தைத் திருத்த யாருக்கு அதிகாரம்?" என்று அவனே கேட்டான். ஓரிடத்தில் சம்பளம் அதிகம் சொன்னார்கள். இக்கேள்விக்கு விடை சொல்லவில்லை. அவன் அங்கே சேரவில்லை. என் கருத்தில், நேர்காணலில் நிரலர் கேட்கும் கேள்வி, அவரைக் கேட்கும் கேள்விக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

மற்றொரு மாணவி மூன்றாண்டில் மூன்று இடம் மாறினார். ஒவ்வொரு முறையும் ஊதியம் உயர்ந்தது. குறை மட்டும் அதே சொற்களில் வந்தது. அவருக்குப் பிடிக்காதது எந்த நிறுவனமும் அன்று, நிரல் எழுதும் வேலையே. அதே நிறுவனத்தில் மென்பொருளுக்கு விளக்கநூல் எழுதும் பிரிவுக்கு மாறினார். குறை நின்றது.

பணி மாறுவது நன்றி கொன்ற செயல் என்று என் தலைமுறையினர் சிலர் கருதுவர். இத்துறையின் வரலாறு வேறு விதமானது. டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக 1956ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வில்லியம் ஷாக்லி, கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடம் நடத்தினார். அறிவில் மலை; ஆட்களை நடத்துவதில் ஐயமும் கடுமையும் மிக்கவர். அங்கிருந்த இளைஞருட் சிலர் முதலில், பணம் முதலிட்ட ஆர்னால்டு பெக்மனிடம் முறையிட்டுப் பார்த்தனர். தக்க மாற்றம் வரவில்லை. 1957 செப்டம்பரில் எட்டுப் பேர் ஒன்றாக விலகி, ஃபேர்சைல்டு செமிகண்டக்டரை அமைத்தனர். 'துரோகிகள் எண்மர்' என்ற பெயரும் அவர்களுக்கு வந்தது. அவ்வெண்மருள் ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968ஆம் ஆண்டில் அங்கிருந்தும் விலகித் தொடங்கியதே இன்டெல். சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று நாம் வியக்கும் இடம் இவ்வாறு விலகியவர்களால் எழுந்தது.

இதற்குச் சட்டமும் இடம் கொடுத்தது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு ஒரு சட்ட வரைவு எழுதினார். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்னும் அவ்வரைவின் விதியைக் கலிபோர்னியா 1872ஆம் ஆண்டில் ஏற்றது. வியப்பு யாதெனில், அதே 1872ஆம் ஆண்டில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் அதே வரைவைத் தழுவி எழுந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு கண்டங்களில் வளர்ந்ததைப் போல! ஆதலின், வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கும் நிபந்தனையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆயினும் சட்டம் இருந்தால் போதாது. அதைச் சுற்றிப் போக நினைப்பவரும் உண்டு. ஒருவர் பொறியாளரை மற்றவர் அழைப்பதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தமக்குள் பேசி வைத்திருந்ததன் மேல் அமெரிக்க நீதித்துறை 2010ஆம் ஆண்டில் நடவடிக்கை எடுத்தது. ஊழியர் தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நான்கும் 41.5 கோடி டாலர் கொடுக்க இசைந்த உடன்பாடு 2015ஆம் ஆண்டில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றிய உடன்படிக்கை வேறு. குறித்த ஆண்டுகளுக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை நீங்கள் பலர் கையெழுத்திடப் போகின்றீர்கள். பொதுத்துறை வங்கியொன்றின் வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் என்ற நிபந்தனை 27ஆம் பிரிவுக்கு மாறானதன்று என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. கையெழுத்துக்கு முன் தொகையையும் காலத்தையும் படியுங்கள். முன்னறிவிப்புக் காலத்தையும் படியுங்கள். நம் நாட்டு மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள். புதிய இடத்தார் அத்தனை நாள் காத்திருப்பார்களா என்பதை எழுத்தில் பெறாமல் பழைய இடத்தில் ராஜினாமா கொடுப்பது, மறுகரைப் படகு வருமுன் இக்கரைப் படகை அவிழ்த்துவிடுவதாகும்.

விலகும்போது நிரலை எடுத்துச் செல்லலாகாது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணிப்பொறி நிரல் ஓர் 'இலக்கியப் படைப்பு' என்று வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழாசிரிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் நகைக்கிறார்கள். வேறு உடன்படிக்கை இல்லாதவரை, வேலையின் பகுதியாக எழுதிய அப்படைப்புக்கு உரியவர் நிறுவனத்தாரே. கற்ற திறமை உங்களுடையது. எழுதிய கோப்பு அவர்களுடையது. வருங்கால வைப்பு நிதியோ உங்களுடையது. 2014ஆம் ஆண்டு முதல் நிறுவனம் மாறினாலும் மாறாத ஒரே எண் உறுப்பினருக்கு வழங்கப்படுகிறது. சிறு தொகைதானே என்று இடையில் எடுத்துச் செலவிடாமல், அவ்வெண்ணின் கீழ்ப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அந்த இளைஞன் 90 நாளையும் முழுதாக வேலை செய்தான். கடைசி மூன்று வாரத்தில், இரவில் எழுப்பிய அப்பழுதின் காரணம் என்ன, எந்தக் கோப்பில் எந்த இடத்தில் திருத்த வேண்டும், தொலைபேசி ஒலித்தால் முதலில் பார்க்க வேண்டியது எது என்று பதினொரு பக்கம் எழுதி அடுத்து வருபவருக்காக வைத்தான். பணிவிடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகே தாயிடம் செய்தியைச் சொன்னான். சில மாதம் கழித்து முன்பின் அறியாத ஒருவர் அவனுக்கு ஒரு வரி எழுதியிருந்தாராம்: ஆறாம் பக்கத்தில் சொன்னபடி திருத்திவிட்டேன், இப்போது உறங்குகிறேன் என்று.