சொகுசுக் கப்பல் பயணம்: நோயின்றிப் போய் வருவது எப்படி?

நம் முன்னோர் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனார்கள். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு அந்தப் பயணம் 1995 வரை நடந்தது. காலராவுக்கு அஞ்சி, செங்கடலில் உள்ள கமரான் தீவில் ஹாஜிகளை இறக்கிச் சில நாட்கள் தங்கவைத்த காலமும் உண்டு. கப்பலில் ஒருவருக்கு வந்த நோய் மற்றவர்களுக்கும் பரவும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

இன்று நம் குடும்பங்கள் விடுமுறைக்காகவும் கப்பல் ஏறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. கப்பல் எவ்வளவு நவீனமானாலும் ஒன்று மாறவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே படிக்கட்டுக் கைப்பிடியை, ஒரே லிஃப்ட் பொத்தானை, ஒரே பரிமாறும் கரண்டியைத் தொடுகிறார்கள். கப்பலில் நோய் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று.

சோப்பும் தண்ணீரும்

கப்பலில் வாந்தி பேதி பரவினால் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் வயிற்றுக்குள் போனாலே நோய் வந்துவிடும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று நாட்களில் சரியாகிவிடும். ஆனால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உடலில் நீர் வற்றி ஆபத்தாகலாம்.

உணவகத்தின் வாசலில் சானிடைசர் வைத்திருப்பார்கள். அதைத் தடவியதும் கை சுத்தமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பாலான உறை உண்டு. ஆல்கஹால் அதைச் சிதைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறை கிடையாது. அதனால் சானிடைசர் அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்புப் போட்டு 20 விநாடிகள் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கையில் ஒட்டிய வைரஸ் அகலும்.

நாம் ஒரு நாளைக்குப் பலமுறை ஒளுச் செய்கிறவர்கள். அது நல்ல பழக்கம். ஆனால் தொழுதுவிட்டு லிஃப்டில் ஏறி உணவகத்துக்குப் போவதற்குள் கை எத்தனை இடங்களைத் தொட்டிருக்கும்! ஆகவே சாப்பிட உட்காருமுன் சோப்பால் ஒருமுறை கழுவிவிடுவோம். பஃபேயில் உணவை எடுத்து வைத்துவிட்டு, அதன்பிறகு கழுவுவது இன்னும் நல்லது. கையால் சாப்பிடும் நமக்கு இது மிகவும் அவசியம். கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், குழந்தைக்கு டயப்பர் மாற்றிய பிறகும் இதே முறைதான்.

தட்டில் எதை வைப்பது?

ஹலால் உணவு தேடும்போது பலரும் மீன், இறால் பக்கம் போகிறோம். நன்கு வெந்ததை, ஆவி பறக்கச் சூடாக இருப்பதை எடுப்போம். பச்சைச் சிப்பியைத் தவிர்ப்பது நல்லது. நோரோ ஓரளவு சூட்டையும் தாங்கக்கூடியது என்பதால் அரைவேக்காட்டுச் சிப்பியும் வேண்டாம். வழியில் துறைமுகத்தில் இறங்கும்போது மூடி முத்திரையிட்ட பாட்டில் தண்ணீரைக் குடிப்போம். சாலையோரக் கடையின் ஐஸைத் தவிர்ப்போம். கொசு உள்ள ஊராக இருந்தால் முழுக்கை உடையும் கொசு விரட்டியும் தேவை.

சர்க்கரை நோய் உள்ள வாப்பாவோ உம்மாவோ உடன் வந்தால், நாள் முழுதும் திறந்திருக்கும் பஃபேதான் சோதனை. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மருந்து என்ற வீட்டு ஒழுங்கைக் கப்பலிலும் விட வேண்டாம்.

கிளம்புமுன்

பெரிய பெட்டிகளைக் கப்பல் ஊழியர்கள் வாங்கிக்கொள்வார்கள்; அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். எனவே இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவரின் சீட்டு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். தேவைக்கு மேல் சில நாட்களுக்கான மருந்தும், சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் சேர்த்து வைப்போம். ஃப்ளூ தடுப்பூசி போடுவதாக இருந்தால் புறப்பட இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். அது பலன் தர அவ்வளவு நாளாகும்.

கப்பல் மருத்துவரின் கட்டணம் அதிகம். நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரை சேர்க்கும் செலவு அதைவிடப் பல மடங்கு. அதையும் ஏற்கும் பயண இன்சூரன்ஸா என்று படித்துப் பார்த்தே எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. முன்பதிவுக்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடல் குமட்டலுக்கு அஞ்சுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. தலை சுற்றினால் செல்போனைப் பார்க்காமல், தூரத்து அடிவானத்தைப் பார்த்தபடி காற்றாட நிற்பது உதவும். மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு, குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும்.

நோய் வந்தால் மறைக்க வேண்டாம்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. வயிற்றுப்போக்கு என்று சொன்னால் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள். பணம் கட்டி வந்த பயணம் வீணாகிறதே என்று, மாத்திரையை விழுங்கிவிட்டு வழக்கம்போல உணவகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் தொட்ட கரண்டியை அடுத்துத் தொடுவது யாரோ ஒருவரின் வயதான தாயாக இருக்கலாம். அந்த மேசையைத் துடைப்பவர், ஊரில் உள்ள குடும்பத்துக்காகக் கடலில் உழைக்கும் ஊழியர். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. அதில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள்.

ஆகவே அறிகுறி தெரிந்ததும் கப்பல் மருத்துவப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அறையிலேயே இருப்போம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தை நாமாகக் கொடுக்கக் கூடாது. வாய் வறண்டு, சிறுநீர் குறைந்து, அழுதும் கண்ணீர் வராவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். குணமான பிறகும் மலத்தின் வழியே வைரஸ் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வெளியேறலாம் என்பதால், ஊர் திரும்பியும் கை கழுவுவதில் கவனம் தேவை.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கப்பல் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. பதிவாகும் நோரோ பரவல்களில் சுமார் ஒரு சதவீதமே கப்பல்களில் நடப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்த மையம் 1975 முதல் சோதித்து, நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தோல்வி. நாம் ஏறப்போகும் கப்பல் அந்தப் பட்டியலில் இருந்தால் அதன் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

கப்பலின் சுத்தம் நிறுவனத்தின் பொறுப்பு. நம் கையின் சுத்தமும், நம் நோயை மறைக்காத நேர்மையும் நம் பொறுப்பு. இரண்டையும் பேணினால் போன நலத்துடனே திரும்பி வரலாம், இன்ஷா அல்லாஹ்.