மிச்சம் ஐந்து மணி நேரம்

"காலைப் பள்ளியா, மத்தியானப் பள்ளியா?" எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிங்கப்பூரில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பிள்ளைகள் அதிகம், கட்டடங்கள் குறைவு. ஒரே கட்டடம் காலையில் ஒரு கூட்டத்துக்கும் மதியத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டத்துக்கும் பள்ளியாக இருந்தது. ஒரு மணிக்குக் காலைப் பள்ளிப் பிள்ளைகள் வெளியே வரும்போதே மத்தியானப் பள்ளிப் பிள்ளைகள் வாசலில் காத்திருப்பார்கள். படிப்புக்கு இது நல்ல ஏற்பாடு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் இதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் அரை நாள் சும்மா கிடைத்தது. கால அட்டவணையில் இல்லாத அந்த அரை நாள்தான் அன்றைய உடற்கல்வி.

அட்டவணையில் இருந்த உடற்கல்வி வேறு ரகம். பல தொடக்கப்பள்ளிகளில் அதற்கென்று தனி ஆசிரியர் கிடையாது. கணிதமும் ஆங்கிலமும் நடத்துகிற வகுப்பாசிரியரே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திடலுக்கு அழைத்துப் போவார். நாற்பது பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு பந்துகள். வரிசையில் நின்று முறை வரும்வரை காத்திருப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். மழை வந்தால் வகுப்பறைக்குள் சுயபடிப்பு. ஆறாம் வகுப்பில் இறுதித் தேர்வு நெருங்கினால் உடற்கல்வி நேரத்தைக் கணக்கு ஆசிரியர் "கடன்" வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக நினைவுள்ளவர்கள் குறைவு.

அப்படியும் பிள்ளைகள் நாளெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவைச் சுற்றி வளர்ந்தவர்களைக் கேட்டால் முதலில் அவர்கள் சொல்லும் பெயர் ஃபேரர் பார்க். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற தெருப்பெயருக்குக் காரணமே அந்த இடம்தான். 1843 முதல் குதிரைப் பந்தயம் நடந்த திடல் அது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு பொது விளையாட்டுத் திடலாயிற்று. 1942 பிப்ரவரியில் சரணடைந்த இந்தியப் படைவீரர்களை ஜப்பானியர் ஒன்றுதிரட்டியதும், இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்ததும் அங்கேதான். பின்னால் அதே புல்லில் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. காற்பந்துக் குழுக்கள் ஒரே நேரத்தில் நாலைந்து ஆட்டம் ஆடின. யாருடைய பந்து யாருடைய கோலுக்குள் போனது என்று சண்டை வந்தது. பக்கத்தில் 1957இல் திறந்த ஃபேரர் பார்க் நீச்சல் குளம். மேட்டின் மேல் மவுண்ட் எமிலி குளம். 1931இல் திறந்த அதுதான் நாட்டின் முதல் பொது நீச்சல் குளம். சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருந்தவர் வீட்டுப் பையனுக்கு இரண்டும் நடை தூரம். நடந்து போய், நீந்தி, பசியோடு நடந்து திரும்புவான். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை.

பெண்பிள்ளைகளுக்குத் திடல் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையும், பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளமும் அவர்களுடையவை. அரிசி அடைத்த சின்னத் துணிப்பொட்டலங்களால் ஐந்து கல் ஆடினார்கள். ரப்பர் வளையங்களைக் கோத்த கயிற்றை இடுப்பு உயரம், தோள் உயரம் என்று ஏற்றித் தாண்டினார்கள். இறகுப் பந்தைக் காலால் தட்டும் சாப்தேயில் சீன, மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் காலத்தைத் தேனும் பாலுமாகச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டுவேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, "பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்" என்ற அதட்டல் எல்லாம் இருந்தன. அப்படியும் ஓடியவர்கள் உண்டு. 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற குளோரி பர்னபாஸ் ஓர் ஆசிரியை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய சி. குணாளனும் ஆசிரியர், பின்னாளில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியவர். அவருடைய தேசியச் சாதனை 33 ஆண்டு நின்று, 2001இல்தான் யு.கே. ஷியாமின் 10.37க்கு வழிவிட்டது. வசதி இல்லாத காலத்திலும் இப்படிச் சிலர் வந்தார்கள் என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் ஓட்டக்காரர்களை உருவாக்குவதும் எல்லாப் பிள்ளைகளையும் ஓடவைப்பதும் வேறு வேறு வேலைகள்.

இரண்டாவது வேலையை அரசு கையில் எடுத்தபோது அதற்குச் சீருடையின் வாசனை இருந்தது. 1967இல் தேசிய சேவை வந்துவிட்டது. உடலுறுதி நாட்டின் பாதுகாப்புக் கணக்கில் சேர்ந்தது. 1982இல் வந்த தேசிய உடலுறுதி விருதை, அதாவது நாஃபாவை, சிங்கப்பூரில் படித்த யாரும் மறக்கமாட்டார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை படுத்து எழுவது, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுவது, உட்கார்ந்து கால்விரலைத் தாண்டிக் கை எட்டுமா, கம்பியைப் பிடித்து எழும்புவது, பத்து மீட்டர் தூரத்தை நான்கு தரம் ஓடுவது, கடைசியில் நீண்ட ஓட்டம். தொடக்கநிலை 4லும் 6லும் சோதனை, ஓட்டம் 1.6 கிலோமீட்டர். தங்கம், வெள்ளி, வெண்கலம். உயர்நிலை முடித்த பையன் தங்கமோ வெள்ளியோ வாங்கினால் தேசிய சேவையில் இரண்டு மாதம் குறையும் என்பதால், இந்தச் சோதனையைப் பற்றி அப்பாமார்களுக்கும் கருத்து உண்டு.

பிறகு 1992. பிள்ளைகள் பருமனாகிறார்கள் என்று கண்டு 'டாஃப்' (TAF) என்ற உடல்கட்டுத் திட்டம் தொடங்கியது. எடை அதிகமான பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, மற்றவர்கள் இடைவேளையில் சாப்பிடும்போது இவர்களைத் திடலில் ஓடவிட்டார்கள். சில பள்ளிகளின் கேண்டீனில் இவர்களுக்குக் கலோரி சீட்டு. எத்தனை பிள்ளைகள் பருமன், எத்தனை பேர் நாஃபாவில் தேறினார்கள் என்பதைப் பார்த்துப் பள்ளிக்கே விருது கொடுத்ததால் முதல்வர்களும் மும்முரமானார்கள். திட்டத்தின் பெயரில் இருந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'ஃபேட்'. பெயர் வைத்த பெரியவர்களுக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். பிள்ளைகளுக்கு முதல் நாளே பட்டுவிட்டது. எண்ணிக்கை குறைந்தது என்னவோ உண்மை. அந்தக் குறைவை வெளிநாடுகளும் எடுத்துக்காட்டாகப் பேசின. ஆனால் உடற்பயிற்சி ஒரு தண்டனை, வியர்ப்பது அவமானம் என்று ஒரு தலைமுறையில் கணிசமானவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதே திட்டம்தான். இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் அவர்கள் வெட்கமும் சிரிப்புமாக அதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2007இல் அது கைவிடப்பட்டது. பருமனான பிள்ளைகளை மட்டும் பிரிக்காமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கும் முழுமையான உடல்நல அணுகுமுறை அதன் இடத்துக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்ட பாடம்.

உண்மையான திருப்பம் 2009இல். தொடக்கக்கல்வியை மறுஆய்வு செய்த குழு இரண்டு வேளைப் பள்ளியை முற்றாக நிறுத்தச் சொன்னது. அதோடு, தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு விளையாட்டு, வெளிப்புறச் செயல்பாடு, கலை ஆகியவற்றைச் சேர்த்த செயல்வழிக் கற்றல், உள்விளையாட்டரங்குகள், உடற்கல்விக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்று பட்டியல் நீண்டது. காசும் வந்தது, கட்டடமும் வந்தது. இன்றைய தொடக்கப்பள்ளியின் உடற்கல்வி வகுப்பை எட்டிப் பார்த்தால் அன்றைய பிள்ளைகளுக்குப் பொறாமையே வரும். ஆளுக்கொரு பந்து. ஆடுவதற்கு முன் எறிவது எப்படி, பிடிப்பது எப்படி, விழுந்தால் அடிபடாமல் உருள்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித்தருகிறார்கள். 2014இல் வந்த பாடத்திட்டத்தில் விளையாட்டோடு நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம், நீச்சல், வெளிப்புறக் கல்வி, உடல்நலம் எல்லாம் இருந்தன. 2010இல் தொடங்கிய 'ஸ்விம்சேஃபர்' திட்டத்தின் வழியாகப் பிள்ளைகள் தண்ணீரில் பிழைத்துக்கொள்ளக் கற்கிறார்கள். ஃபேரர் பார்க் குளத்தில் பெரிய பையன் தள்ளிவிட்டு நீச்சல் கற்ற காலம் போயிற்று. (அந்தக் குளமும் 2003இல் மூடப்பட்டது, மவுண்ட் எமிலி அதற்கு முன்பே, 1981இல்.) எளிதாகச் சொன்னால், உடற்கல்வி ஒரு பாடமாக மரியாதை பெற்றுவிட்டது. இதைக் குறைத்துச் சொல்வது அநியாயம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரத்துக்கு ஏழு மணி நேரம். பள்ளியின் உடற்கல்வி, மேல் வகுப்புகளில், வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம். உடை மாற்றுவது, வரிசை, தண்ணீர் குடிப்பது எல்லாம் அதற்குள்தான். ஆண்டில் 160 நாள்களுக்கு மேல் இடியோடு மழை பெய்யும் ஊர் இது. மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திடலைக் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பர் 25 அன்று புகைமூட்டத்தால் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடியே கிடந்தன. 2023 மே மாதம் அங் மோ கியோவில் வெயில் 37 டிகிரியைத் தொட்டபோது சில பள்ளிகள் நாள் முழுக்க உடற்பயிற்சி உடையிலேயே இருக்கப் பிள்ளைகளை அனுமதித்தன. அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதே பள்ளிக்குப் பாடு. மிச்சம் ஐந்து மணி நேரம் எங்கே?

முன்பு அது அந்தச் சும்மா கிடந்த அரை நாளில் இருந்தது. ஒரே வேளைப் பள்ளி வந்து அரை நாளை எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. பள்ளி இன்றும் மதியம் இரண்டுக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சப் பொழுதை எடுத்துக்கொண்டவர்கள் நாம்தான். துணைப்பாட வகுப்பு, அதற்கு வேனில் பயணம், பிறகு திரை. இந்தியக் குடும்பங்களில் சனி ஞாயிறும் நிரம்பி வழியும்: துணைப்பாடம், தமிழ், பாட்டு, பரதம். பரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டார்லைட் ரோட்டில் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் அரைமண்டியில் ஒரு மணி நேரம் அடவு பிடிக்கும் சிறுமி எந்தத் திடல் ஓட்டத்துக்கும் குறையாத வேலை செய்கிறாள். அவள் அம்மா அதைக் கலை என்று எழுதிக்கொள்கிறார். மகன் அதே ஒரு மணி நேரம் பந்து விளையாடினால் வீண்பொழுது என்கிறார். இந்தக் கணக்கைப் பல வீடுகளில் திருத்த வேண்டியிருக்கிறது.

பந்து விளையாட இடமும் குறைந்தது. புளோக்குக் கீழ்த்தளங்களில் "பந்து விளையாடக் கூடாது" என்ற பலகை பழைய கதை. 2016இல் குவீன்ஸ்டவுன் மெய் லிங் ஸ்திரீட்டில் ஒரு கீழ்த்தளத்தில் பிள்ளைகள் காற்பந்து ஆடாதிருக்கக் கம்பித்தடுப்பே போட்டார்கள். அது ஊர்ச் சர்ச்சையானது. மேல்மாடித் தாத்தாவின் தூக்கம் ஒரு பக்கம், கீழே பத்து வயசுக் கால்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வழக்கில் தோற்பது எப்போதும் பத்து வயசுதான். ஃபேரர் பார்க் திடலும் இப்போது வீவக வீடுகளுக்குப் போகிறது. 1,600 வீடுகளோடு விளையாட்டு வசதிகளும் பொதுத் திடலும் வரும் என்கிறது திட்டம். பழைய குத்துச்சண்டைக் கூடத்தின் கட்டடத்தையும் விட்டுவைக்கிறார்கள். வீடு வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்?

உடற்கல்வி இவ்வளவு மேம்பட்ட பிறகும் பிள்ளைகளின் எடை ஏறுகிறது. பள்ளிகளில் அளவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைகள் 2013இல் 11 விழுக்காடு, 2017இல் 13, 2021இல் 16. இதற்குச் சாப்பாடும் தூக்கமும் காரணம். கொவிட் காலம் வேறு குறுக்கே வந்தது. கண் விஷயம் தனி: சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தடுக்க மருத்துவர்கள் சொல்வது தினமும் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சம். உள்விளையாட்டரங்கு வெயிலையும் மழையையும் தடுக்கிறது. அந்த வெளிச்சத்தையும் சேர்த்துத் தடுக்கிறது.

2025 ஜனவரியில் மூன்று அமைச்சுகள் சேர்ந்து 'குரோ வெல் எஸ்ஜி' என்ற திட்டத்தைத் தொடங்கின. உணவு, தூக்கம், கற்றல், உடற்பயிற்சி நான்கையும் ஒன்றாகப் பார்க்கிறது. பள்ளி மருத்துவச் சோதனைக்குப் பிறகு கீழ் வகுப்புப் பிள்ளைக்கு அவனுக்கென்று ஓர் உடல்நலத் திட்டம் வீட்டுக்கு வருகிறது. யாரையும் தனியாகப் பிரித்து ஓடவிடவில்லை. டாஃப் சொல்லிக்கொடுத்தது நினைவில் இருக்கிறது. திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து வரும் அப்பா அம்மாவிடம் இருக்கிறது.

அதனால்தான் என் கண் மாணவர் பராமரிப்பு நிலையங்கள் மேல் போகிறது. இப்போது தொடக்கப்பள்ளி வளாகங்களுக்குள்ளேயே அவை இருக்கின்றன. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடிந்து மாலை ஆறு, ஏழு வரை அங்கேதான். சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், பயிற்சித்தாள், நேரம் மிஞ்சினால் விளையாட்டு என்பதுதான் அநேகமாக வரிசை. திடலும் அரங்கும் ஐம்பதடி தூரத்தில் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு வெயிலும் தாழ்ந்திருக்கும். அந்த வரிசையில் விளையாட்டை முன்னே கொண்டுவந்து, பந்தையும் கயிற்றையும் கொடுத்து, பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்தினால் நாளுக்கு ஒரு மணி நேரம். ஐந்து பள்ளி நாளுக்கு ஐந்து. இதற்குப் புதுப் பாடத்திட்டம் வேண்டாம். திடலின் பூட்டைத் திறக்கவும், ஒரு பிள்ளை முழங்கால் சிராய்த்து வீட்டுக்குப் போனால் பெற்றோர் புகார்க் கடிதம் எழுதாமல் இருக்கவும் வேண்டும்.