நிலக்காட்சியும் மறைபொருளும்: ராய்ஸ்தாலின் அடக்கத்தலம்

பதினேழாம் நூற்றாண்டின் டச்சு நிலக்காட்சி ஓவியங்களை முதன்முறை காண்போர், கண்ட இடத்தைக் கண்டவாறே தீட்டிய படங்கள் என்றே அவற்றைக் கருதுவர். தாழ்ந்த அடிவானம், பெரும்பகுதியை நிறைத்து நிற்கும் மேகங்கள், கால்வாய், படகு: இவற்றில் மறைபொருள் எங்கே? கலை வரலாற்றாசிரியர்களும் இதில் ஒத்த கருத்தினர் அல்லர். எடி டி யோங் போன்றோர் அக்காலத்து அறநெறிச் சித்திர நூல்களின் துணைகொண்டு ஓவியங்களுள் பொருள் தேடினர். ஸ்வெத்லானா ஆல்பர்ஸ் 1983இல் வெளியிட்ட நூலிலோ, டச்சுக் கலை கண்ணுக்குப் புலப்படும் உலகை விவரிக்கும் கலையே என்று வாதிட்டார்.

இரு தரப்பையும் எடைபோட ஏற்றது யாகோப் ஃபான் ராய்ஸ்தால் 1650களில் தீட்டிய 'யூதர் அடக்கத்தலம்'. இதன் இரு வடிவங்களுள் ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் மற்றொன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும் உள்ளன. ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே அவ்டர்கெர்க்கில் போர்த்துகீசிய யூதர்கள் 1614இல் அமைத்த அடக்கத்தலமே இதில் இடம்பெறுகிறது. கல்லறைகள் கற்பனையல்ல. பிரான்சு அரசி மரீ தெ மெதிசியின் மருத்துவராயிருந்து 1616இல் இறந்த எலியாஹு மொந்தால்தோவின் கல்லறையை அவற்றுள் இனங்காண முடிகிறது. அங்கே அடங்கியோர், ஐபீரியாவில் சமய ஒடுக்குமுறைக்கு ஆளான மக்களின் வழிவந்தோர். 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1609 முதல் மொரிஸ்கோக்கள் எனப்பட்ட முஸ்லிம் வழித்தோன்றல்களையும் துரத்தியது. அந்தலுஸின் முடிவை அறிந்த நமக்கு இக்கற்கள் முற்றிலும் அந்நியமானவை அல்ல.

ராய்ஸ்தால் அவ்விடத்திற்கே சென்று கல்லறைகளை வரைந்துகொண்டார். ஆனால் அவற்றைச் சூழ்ந்துள்ள காட்சி அவ்விடத்திற்கு உரியதன்று. அவ்டர்கெர்க் சமதளமான ஆற்றங்கரை. பாறைகளினூடே பாய்ந்துவரும் ஓடை அங்கில்லை. பின்னணியில் நிற்கும் இடிந்த கட்டடமும் அங்கில்லை. இரு வடிவங்களிலும் அது வெவ்வேறாக இருப்பதே போதிய சான்று. முன்புறத்தில் பட்டுப்போன மரம், கரிய வானில் ஒரு வானவில். நூஹ் நபியின் காலத்து வெள்ளத்திற்குப்பின் இறைவன் அளித்த வாக்குறுதியின் அடையாளமாக விவிலியம் வானவில்லைக் கூறுவதை அன்றைய கிறிஸ்தவப் பார்வையாளர் நன்கறிவர். நிலையாமையும் நம்பிக்கையும் இங்கே அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஜெர்மன் கவிஞர் கோத்தே 1816இல் ராய்ஸ்தாலைக் கவிஞராகவே கண்டு எழுதிய கட்டுரையில், டிரெஸ்டன் வடிவத்தையும் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஓவியர் உண்மையை விட்டு வலிந்து விலகும் இடத்திலேயே பொருள் தேடும் உரிமை நமக்கு வாய்க்கிறது என்பது நம் கருத்து. எல்லாப் படங்களுக்கும் இவ்வுரிமையை நீட்டுவது தகாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய புகழ்பெற்ற காற்றாலை ஓவியத்தை எண்ணிப் பார்க்கலாம். காற்றின்றிச் சுழலாத ஆலையை இறையருளின்றி இயங்காத மனிதனுக்கு ஒப்பிடும் சித்திர நூல்களைக் காட்டி, அதற்கும் ஆன்மிக விளக்கம் கூறுவோர் உளர். ஆனால் அந்த ஆலை வைக் பை டூர்ஸ்டேட் என்னும் ஊரில் உண்மையாகவே நின்றது. அதை அவர் சற்று ஓங்கி நிற்கச் செய்திருக்கலாம். எனினும் காற்றாலையால் மாவரைத்து, காற்றாலையால் நீரிறைத்து, 1612இல் பேம்ஸ்டர் ஏரியையே வயலாக்கிய மக்களுக்கு ஆலை ஓங்கித் தெரிய வேறு காரணம் வேண்டியதில்லை. பார்த்தவருள் சிலர் இறையருளை எண்ணியிருக்கக்கூடும். ராய்ஸ்தால் எண்ணினார் என்பதற்குப் படத்தினுள் சான்று இல்லை.