ஊருக்குத் திரும்புமுன்...





மாட்டுங்கா லேபர் கேம்பிலும், தாராவியிலும், செம்பூரிலும் குடும்ப ஜெபம் முடிந்தபின் அடிக்கடி எழுகிற ஒரு கேள்வி உண்டு. "இனி ஊருக்கே போய்விட்டால் என்ன?" தகப்பன் கேட்பார். தாய் பதில் சொல்லாமல் பாத்திரங்களை எடுத்து வைப்பாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்குமானால், இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

ஊர் என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையையே. நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி, ஏரல், திசையன்விளை என்று ஆற்றுக்கும் தேரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிற சிற்றூர்களும் சிறு நகரங்களுமே அவை. நம் முன்னோர் அங்கிருந்து பஞ்சத்தினாலும் வேலையின்மையினாலும் புறப்பட்டு, தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளிலும் ஆலைகளிலும் உழைத்து, பத்துக்குப் பத்து அறையில் நம்மை வளர்த்தார்கள். இப்பொழுது தாராவி மறுசீரமைப்புத் திட்டம் வந்திருக்கிறது. முதியோர் ஓய்வை நாடுகிறார்கள். ஆகவே திரும்பிப்போகும் எண்ணம் பலருக்கு உண்டாகியிருக்கிறது.

திரும்பிப்போவது தவறல்ல. வேதத்தில் நகோமி மோவாப் தேசத்தில் ஏறக்குறைய பத்து வருஷம் வாழ்ந்து, பெத்லெகேமுக்குத் திரும்பினாள் (ரூத் 1). அந்தத் திரும்புதலில் தேவன் பெரிய ஆசீர்வாதத்தை வைத்திருந்தார். ஆனால் லோத்தும் இடம் மாறினான். யோர்தான் சமபூமியின் நீர்வளத்தைக் கண்களால் பார்த்தான், தெரிந்துகொண்டான் (ஆதி. 13:10, 11). அந்த ஊரில் குடியிருக்கும் மனிதர் எப்படிப்பட்டவர்கள் என்று அவன் விசாரித்ததாக வேதத்தில் காணவில்லை. அதன் பலனை அவன் குடும்பம் முழுவதும் அனுபவித்தது.

நாமும் பெரும்பாலும் ஊரைக் கண்களால் மட்டுமே பார்த்திருக்கிறோம். அதுவும் விருந்தாளியின் கண்களால்!

மே மாதத்து ஊர்

சற்று யோசித்துப் பாருங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் செய்து நாம் ஊருக்குப் போவது எப்பொழுது? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையான மே மாதத்தில். அப்பொழுது நுங்கும் பதநீரும் கிடைக்கும். சொந்தபந்தங்கள் கூடியிருப்பார்கள். கல்யாண வீடுகள் இருக்கும். முதலூருக்குப் போய் மஸ்கோத் அல்வா வாங்குவோம், மணப்பாட்டுக் கடற்கரையில் நிற்போம். பத்து நாட்களில் திரும்பிவிடுவோம். அந்தப் பத்து நாட்களே நம் மனதில் "ஊர்" என்று பதிந்திருக்கிறது.

ஆனால் ஊரில் குடியிருப்பவருக்குப் பன்னிரண்டு மாதங்கள் உண்டு. ஆடி மாதத்தில் தேரிக்காட்டுச் செம்மணலை வாரியிறைக்கிற காற்று உண்டு. கிணற்று நீர் உவர்ப்பாகிக் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நாட்கள் உண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அங்கேயோ பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. மே மாதத்தில் மட்டும் ஊரைக் கண்டவர் அதன் மழைக்காலத்தைக் காண்பதேயில்லை.

2005 ஜூலை 26-ஐ மும்பையில் இருந்த நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94 செ.மீ. மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருகி தாராவி வீடுகளுக்குள் புகுந்தது. "இந்த ஊரே வேண்டாம்" என்று அன்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் சொந்தச் சீமையிலே என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. ஏரல் கடைவீதி வெள்ளத்தில் மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆபத்தில்லாத ஊர் என்று பூமியில் எதுவும் இல்லை. நம் அடைக்கலம் இடத்தில் அல்ல, கர்த்தரிடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் மே மாதத்தில் உலர்ந்த தரையாகத் தோன்றும் மனை, மார்கழியில் குளத்து நீர்ப்பிடிப்பாக இருக்கக்கூடும். ஆகவே மனை வாங்குமுன், 2023 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். சுவர்களில் அடையாளத்தைக் காட்டுவார்கள்.

எந்த ஊர், என்ன தொழில்?

ஒரே சீமையானாலும் எல்லா ஊரும் ஒன்றல்ல. ஸ்ரீவைகுண்டம், ஏரல், குரும்பூர்ப் பக்கம் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் உண்டு. கார், பிசானம் என்று நெற்சாகுபடியும் வாழையும் உண்டு. சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரிமண். பனையும் முருங்கையும் கிணற்று நீருமே ஆதாரம். கடலோரத்தில் மீன்பிடித் தொழில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து வருகிறவர்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் மீன் வருமானத்தை நம்பியிருக்கும் கடைவீதிகளில் வியாபாரமும் தளரும்.

"ஊரில் தோட்டம் வாங்கி வாழை போடுவேன்" என்பது நம் சகோதரர் பலருடைய ஆசை. வாழை பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். குலை தள்ளும் வேளையில் ஒரே இரவுக் காற்று முழுத் தோட்டத்தையும் சாய்த்துவிடும். முப்பது வருஷம் தையல் இயந்திரத்தில் உழைத்தவர் அறுபதாம் வயதில் மண்வெட்டி பிடித்தால் உடல் ஒத்துழைக்குமா? கூலிக்கு ஆள் வைத்தால் கணக்கு ஒத்துவருமா? கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் போதித்தாரே (லூக். 14:28). விசுவாசத்துக்கும் கணக்குக்கும் பகையில்லை. உங்களுக்குத் தெரிந்த தொழில் அந்தக் கடைவீதியில் ஓடுமா என்று முதலில் பாருங்கள்.

மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கினபோது நடந்ததைக் கவனியுங்கள் (எரே. 32). பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்தார். சாட்சிகளை வைத்தார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என எழுதி, இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். கர்த்தர் சொல்லி வாங்கின நிலமாயிருந்தும் அவர் பத்திரத்தை அலட்சியப்படுத்தவில்லை. நாம் மட்டும் "சொந்தக்காரர்தானே, விசுவாசிதானே" என்று வாய்வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புல வரைபடம் ஆகியவற்றைப் பாருங்கள். பட்டாவையும் வில்லங்கத்தையும் இன்று அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். விவசாய நிலத்தை அங்கீகாரமின்றி மனைகளாகப் பிரித்து விற்பதைப் பதிவு செய்ய 2016 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பெயரைச் சொல்லி விற்கப்படும் மனையென்றால் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை.

பூர்வீக வீடு இருக்கிறதென்று புறப்படுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் தகப்பன் மரித்தால், தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மகன், மகள் என்ற வேற்றுமையின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். "அக்காவுக்குத்தான் நகை போட்டாயிற்றே" என்பது சட்டத்தில் நிற்காது, தேவ சமுகத்திலும் நிற்காது. சகோதரியின் பங்கைத் தீர்க்காமல் அந்த வீட்டில் ஏறும் ஸ்தோத்திர பலி தேவனுக்குப் பிரியமாயிருக்குமோ?

அதேபோல மும்பையிலுள்ள வீட்டை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். தாராவித் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்றும், அதற்குப்பின் 2011 வரை வந்தவர்களுக்கு வேறிடத்தில் விலைக்கு வீடு என்றும் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பும் ஆவணங்களும் முடியாதிருக்கையில் கதவைப் பூட்டிக்கொண்டு போனால், பிள்ளைகளுடைய உரிமை கேள்விக்குள்ளாகும்.

பிள்ளைகள் எந்த ஊரார்?

பெற்றோருக்கு அது திரும்புதல். மாட்டுங்காவில் பிறந்த பிள்ளைக்கோ அது புறப்படுதல்! இந்த வேறுபாட்டைப் பெற்றோர் உணரவேண்டும். வீட்டில் தமிழ் பேசி, ஆராதனையில் தமிழில் பாடுகிற பிள்ளை, பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால், வேதத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற பிள்ளை தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதவேண்டியிருக்கும். தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் இருப்பிடச் சான்றிதழும் கேட்கப்படலாம். ஆகவே சிறு வகுப்பிலேயே போங்கள், அல்லது படிப்பு முடியும்வரை காத்திருங்கள். நடுவில் பிடுங்கி நடாதிருங்கள்.

தாய்மாரையும் நினையுங்கள். ஒரு குடும்பத்தில் கணவர் எல்லா ஏற்பாடும் செய்து முடித்தபின் மனைவியிடம் கேட்டார். அந்தச் சகோதரி, "இங்கே லோக்கல் ரயிலில் தனியாகப் போய் வேலை செய்து சம்பாதித்தேன். அங்கே கடைக்குப் போனாலும் யார் மகள், யார் மருமகள் என்று கேட்பார்களே" என்று கண்ணீர்விட்டார். அவர் சொன்னது முறுமுறுப்பு அல்ல, உண்மை. நகோமி திரும்பினபோதும் ஊரார் எல்லாரும் அவளைக்குறித்துப் பேசினார்கள் (ரூத் 1:19). யார் என்று மட்டுமல்ல, எந்தத் தெரு என்றும் நம் கிராமங்களில் கேட்பார்கள். மும்பையில் ஒரே சாலில், ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்த நாம், ஊருக்குப் போனதும் ஜாதிவாரியாகப் பிரிந்து உட்காருவோமானால், இத்தனை வருஷம் பெற்ற அபிஷேகத்துக்கு என்ன அர்த்தம்?

சபையும் கல்லறையும்

நம்மில் பலர் மும்பைக்கு வந்தபின் இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, பெந்தெகொஸ்தே சபைகளில் சேர்ந்தவர்கள். ஊரிலோ உறவினர் பாட்டன் காலத்து ஆலயத்தில் இருக்கிறார்கள். விருந்தாளியாகப் போனபோது இது பிரச்சினையாகவில்லை. குடியிருக்கப் போகும்போது அசனப்பண்டிகை வரி முதல் கல்யாணம் வரை எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி எழும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடக்கத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வி. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வேறு சபையாருக்கு இடம் கிடையாதென்று துக்க வீட்டில் தெரியவந்து, பிள்ளைகள் தவித்த சம்பவங்கள் உண்டு. முன்கூட்டியே போதகரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் தாழ்மையோடு பேசி அறிந்துகொள்ளுங்கள். நடந்தோ பேருந்திலோ போகக்கூடிய தூரத்தில் ஐக்கியங்கொள்ள ஒரு சபை இருக்கிறதா என்று பாருங்கள். முதியவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமும் முக்கியம். சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 50 கி.மீ. இங்கே சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

நம் சீமையில் விசுவாசத்துக்காக இடம்பெயர்ந்தவர்களின் சரித்திரம் புதிதல்ல. 1799-இல், உபத்திரவப்பட்ட விசுவாசிகளுக்காகத் தாவீது சுந்தரானந்தம் என்ற ஊழியக்காரர் முயற்சியெடுக்க, நிலம் வாங்கப்பட்டு ஓர் ஊர் உண்டாயிற்று. கிறிஸ்தவர்களுக்கு முதல் ஊரானபடியால் அதற்கு முதலூர் என்று பெயர். அவர்கள் ஓய்வெடுக்கப் போகவில்லை. கூடி ஆராதிக்கப் போனார்கள். ஆகையால் அந்த ஊர் நிலைத்தது.

ஒரு வருஷம் வாடகைக்கு

பிரியமானவர்களே, முடிவாக ஓர் ஆலோசனை. விற்காதீர்கள், வாங்காதீர்கள். முதலில் ஒரு வருஷம் வாடகை வீட்டில் தங்கிப் பாருங்கள். குடும்பமாகப் போக இயலாவிட்டால் கணவனும் மனைவியுமாவது போங்கள். ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் மார்கழிக் குளிரையும் அங்கேயே கடந்து வாருங்கள். அந்த ஒரு வருஷ வாடகை நஷ்டமல்ல. ஆயுள் முழுவதும் மனஸ்தாபப்படாமல் காக்கும் காணிக்கை.

ஒருவர் தீர்க்கதரிசனமாகச் சொன்னார் என்பதற்காக மாத்திரம் புறப்படாதீர்கள். அதையும் சோதித்துப் பாருங்கள். இன்றிரவு ஜெபத்துக்குப்பின், தகப்பன்மாரே, நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பேசவிடுங்கள். அவர்கள் சொல்லுவதை முழுவதும் கேளுங்கள். அதன்பின் சேர்ந்து முழங்காற்படியிடுங்கள். குடும்பம் ஒருமனப்படுமட்டும் காத்திருங்கள்.

போகச் சொன்னால் சமாதானத்தோடே போங்கள். இருக்கச் சொன்னால் சந்தோஷத்தோடே இருங்கள். தாமிரபரணிக் கரையிலும் மித்திக் கரையிலும் ஆராதிக்கப்படுகிறவர் ஒரே தேவன். அவர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.