வலைக்கு அப்பால் நீளும் கை

மழைக்காலத்தில் விளையாட்டிடம் நீர் நிறைந்து கிடக்கும் நாட்களிலே, மண்டபத்து மேசைப்பந்தாட்ட மேசையைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். அக்கூட்டத்தில் ஓயாது எழுந்த வாதம் ஒன்றுண்டு. ஆடுவோன் வலைக்கு அப்பால் கையை நீட்டிப் பந்தை அடிக்கலாமா என்பதே அது. இவ்வினாவை நாம் ஈண்டு ஆராயப் புகுவதற்குக் காரணமும் உண்டு.

இல்லப் போட்டியொன்றின் இறுதியாட்டத்துக்கு ஒருமுறை நாம் மத்தியஸ்தராய் அமர்ந்திருந்தோம். ஒருவன் கீழ்வெட்டாக அனுப்பிய பந்து மறுபக்கம் வீழ்ந்தெழுந்து, தன் சுழற்சியினால் வலையைக் கடந்து வந்த வழியே திரும்பலாயிற்று. மறுபக்கத்து மாணவன் பாய்ந்து, வலைக்கு மேலாகக் கையை நீட்டி, அதனை எதிராளியின் மேசைப் பாதியிலே பட அடித்தான். நாம் “தவறு” என்றோம். ஆட்டம் அப்புள்ளியோடு முடிந்தது. அவன் ஒரு சொல்லும் மறுத்துரையாது கைகுலுக்கிச் சென்றான். பின்னர் விதிகளைப் படித்தபோதே, தவறியவர் நாமே என உணர்ந்தோம்.

மேசையின் நீளம் 274 சென்ரிமீற்றர். வலையின் உயரம் 15.25 சென்ரிமீற்றர். ஆதலின் வலைக்கு அப்பால் கை எட்டுவது எளிது. ஆயினும் கையோ மட்டையோ வலையைக் கடத்தல் ஆகாது என்று விதி எங்கும் கூறவில்லை. விதி நோக்குவது யாதெனின், எதிராளி அடித்த பந்து நம் பாதியிலே பட்டதா என்பதையே. பட்டு எழுந்தபின் அது எங்குச் சென்றாலும், மீண்டும் வீழுமுன் தொடர்ந்து சென்று அடிக்கலாம். அடித்த பந்து எதிராளியின் பாதியிலே பட்டால் அது செம்மையான அடியே. அடியாது விட்டு அது அப்பாதியில் வீழ்ந்தாலோ புள்ளி எதிராளிக்கு உரியது. எனவே அம்மாணவன் செய்தது பிழையன்று. அவனுக்கு இருந்த ஒரே வழி அதுவே.

நம் பாதியிலே படுமுன், மேசைக்கு மேலாக வரும் பந்தைத் தொட்டால் அது ‘தடுத்தல்’ எனப்படும். புள்ளி எதிராளிக்குச் சேரும். வலைக்கு இப்பால் தொடினும் அப்பால் தொடினும் தீர்ப்பு ஒன்றே.

கை நீட்டுவோன் காக்கவேண்டியவை மூன்று. பந்து ஆட்டத்தில் உள்ளவரை அவனது உடலோ உடையோ மட்டையோ வலையையும் அதன் தாங்கிகளையும் தொடலாகாது. மேசை அசையலாகாது. மட்டை பிடியாத கை மேசைப் பரப்பிலே படலாகாது. மட்டை பிடித்த கை பட்டால் அது குற்றமன்று என்பதைப் பலர் அறியார்.

இவ்வாதம் ஓயாமைக்கு ஏனைய ஆட்டங்களும் ஒரு காரணமாகலாம். பூப்பந்தாட்டத்தில் மட்டை இறகுப்பந்தைத் தன் பக்கத்திலேயே சந்தித்தல் வேண்டும். அதன்பின் அடியின் போக்கில் வலையைக் கடக்கலாம். ரெனிஸ் ஆட்டத்திலோ, தன் பக்கம் வீழ்ந்து திரும்பிச் செல்லும் பந்தை வலைக்கு மேலாக எட்டி அடித்தல் ஒப்புக்கொள்ளப்படும்.

பல்லாண்டுகளின் பின் அந்நண்பரைக் கண்டு எம் பிழையைக் கூறினோம். அவர் நகைத்து, “பந்து மேசையிலே பட்டதை நீர் கண்டீர்தானே? அது போதும்,” என்றார். அவருக்கு அது போதுமாயிருக்கலாம். மத்தியஸ்தராய் அமரும் இளைஞருக்குப் போதாது. கை எங்கே நீண்டது என்று பாராது, பந்து எங்கே பட்டது என்று பார்ப்பீர்களாக.